அம்மாவின் டி.எஸ்.எச்சும் 870 ஆடுகளும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைங்க, பொட்டி தட்டுறவன். அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

போன மாசம் செஞ்சிக்குப் போனப்போ அம்மா ஒரு ரிப்போர்ட்டை நீட்டினாங்க. நாலு வருஷமா தினம் காலையில வெறும் வயித்துல 75 மைக்ரோகிராம் தைராக்சின். டி.எஸ்.எச் எப்பவும் 2.5, 3 என்று ஒழுங்காக இருக்கும். இந்த முறை 0.08! ஃப்ரீ டி4 எல்லையைத் தாண்டி மேலே. காகிதத்தைப் பார்த்தால் மருந்து கூடிப்போன கேஸ். ஆளைப் பார்த்தால் படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, எடையும் குறையலை.

"மாத்திரையை பாதியா கொறைக்கலாமாம்ப்பா" என்றார்.

எனக்கு எங்கேயோ இடித்தது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையைக் கூடவே விழுங்கினால் தைராக்சின் சரியாக உடம்பில் சேராது, அப்போ டி.எஸ்.எச் ஏறும். இங்கே இறங்கியிருக்கு. சரி, இந்த எண் எங்கேர்ந்துதான் வருதுன்னு தோண்டினேன். உள்ளே ஒரு சரித்திரமே கிடக்கு.

1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு படுத்துவிட்ட 46 வயது அம்மா ஒருவருக்கு செம்மறியாட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்தம்மா 28 வருஷம் கழித்து, 1919-ல்தான் இறந்தார். அதற்குள் செலவான ஆடுகள் 870-க்கும் மேல். (நம்மூர் ஞாயித்துக்கிழமை கறிக்கடை தோத்துது போங்க :-)) 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் கெண்டல் தைராக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1920-களில் ஹாரிங்டன் ஆடே இல்லாமல் செய்துவிட்டார்.

ஆனால் எவ்வளவு கொடுப்பது? முகவீக்கம், நாடி, எடை... ஆளைப் பார்த்துத்தான் அளவு. ரத்தத்தில் துளியூண்டு இருக்கும் ஹார்மோனை அளக்கும் வித்தையை ரோசலின் யாலோவும் பெர்சனும் 1959-60-ல் இன்சுலினுக்காகக் கண்டுபிடித்தார்கள். 1965-ல் அது டி.எஸ்.எச்சுக்கும் வந்தது. யாலோவுக்கு 1977-ல் நோபல்; பெர்சன் 1972-லேயே போய்விட்டார், பாவம். அளக்க ஆரம்பித்த பிறகுதான் பலருக்கும் மருந்து அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது தெரிந்து அளவைக் குறைத்தார்கள். கண்ணை எண் ஜெயித்தது, நியாயமாகவே.

பிறகு கதிரியக்கத்தை விட்டுவிட்டு வேறு முறைகள் வந்தன. ஒன்றில், டி.எஸ்.எச்சை ரெண்டு ஆன்டிபாடி சாண்ட்விச் மாதிரி பிடிக்கும். ஒன்றில் ஒளிரும் அடையாளம், மற்றதில் பயோட்டின். ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய துகள் அந்த பயோட்டினைக் கவ்விக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவிவிட்டு ஒளியை அளப்பார்கள்.

பயோட்டின்! படிக்கும்போதே பகீர்னுது. முடி கொட்டுதுன்னு அம்மா புலம்பினதுக்காக, ரெண்டு மாசம் முன்னாடி நானே வாங்கிக் கொடுத்த மாத்திரை. ஒன்றில் 10 மில்லிகிராம். ஒரு நாளைக்குப் போதுமானது சுமார் 30 மைக்ரோகிராம்தான். ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் துகளில் இருக்கிற இடத்தையெல்லாம் பிடிச்சுக்கும், சாண்ட்விச் கழுவலோடு போயிடும், டி.எஸ்.எச் கம்மின்னு வரும். டி4 சோதனையில் கணக்கு தலைகீழ், ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம். எல்லா லேப் மெஷினும் இப்படி இல்லை, ஆனா பல மெஷின் இப்படித்தான். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது.

இதை டாக்டரிடம் சொன்னோம். மாத்திரையைக் குறைக்காமல், பயோட்டினை மட்டும் ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார். ஜுல்பிகார் கான் இதே ராஜகிரியைப் பிடிக்க 1690-லிருந்து 1698 வரை உட்கார்ந்திருந்தாராம். எனக்கு அந்த ஒரு வாரமே அப்படித்தான் இருந்தது. தைராக்சின் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும், டி.எஸ்.எச் நிலைக்கு வர ஆறு வாரத்துக்கு மேல். பாதியாகக் குறைத்திருந்தால், தப்பு நடந்ததே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

ரிசல்ட் வந்தது: டி.எஸ்.எச் 2.9. ஃப்ரீ டி4-ம் எல்லைக்குள்.

அம்மா ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துட்டு, "அதெல்லாம் சரி, முடிக்கு இப்ப என்ன பண்றது?" என்றார்.