பெயரில்லா மதிப்புரைகள்: ஆங்கில நூல் மதிப்புரை ஏடுகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

படித்த நூலைப் பற்றித் தம் கருத்தைப் பிறருக்குக் கூறுதல் எழுத்தோடு ஒத்த தொன்மையுடையது. ஆயின், ஒரு திங்களில் வெளிவந்த நூல்களைத் திரட்டிப் படித்து, அவை பற்றிய கருத்துக்களை அச்சிட்டு, முன்பின் அறியாத வாசகருக்கு விலைக்கு வழங்கும் முறை அண்மைக் காலத்தது. தமிழ் மரபிற் சிறப்புப் பாயிரம் நூலாசிரியருக்கு நெருங்கியோராற் பாடப்பெற்று நூலோடு உடன் வருவது. மதிப்புரையோ நூல் வெளிவந்தபின் அந்நியரால் எழுதப்படுவது. அவ்வந்நியர் யாவர் என்பதை வாசகர் அறிதல் வேண்டுமா? இவ்வினா ஆங்கில நூலுலகில் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலவியது.

இதன் முற்குறிப்பினைப் பிரான்சிற் காணலாம். 1665 சனவரியிற் பாரிஸ் நகரில் தெனி தெ சலோ என்பார் புதிய நூல்களைப் பற்றிய வார ஏடொன்றைத் தொடங்கினார். தம் பெயரை வெளியிடாது புனைபெயரிலேயே அவர் எழுதினார். எனினும், அவ்வேட்டிற் கூறப்பட்ட வெளிப்படையான கருத்துக்கள் எதிர்ப்பைக் கிளப்பின. மூன்று மாதங்களுள் ஏடு நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு வேறொருவரின் பொறுப்பில் அது மீண்டும் வெளிவந்தது.

இங்கிலாந்தில், அச்சிடுவதற்கு முன் அனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் 1695இற் காலாவதியானது. அதன்பின் நூல்கள் பெருகின. எதனை வாங்குவது, எதனை விடுவது என்பது வாசகருக்குப் பெருஞ் சிக்கலாயிற்று. இச்சூழலில், 1749 மே மாதத்தில் றல்ப் கிறிபித்ஸ் என்ற இலண்டன் புத்தக வணிகர் ‘மன்த்லி றிவியூ’ என்ற மாத ஏட்டைத் தொடங்கினார். புதிதாக வெளிவரும் நூல்கள், துண்டுப் பிரசுரங்கள் யாவற்றையும் பற்றி ஏதேனும் கூறுதலே இதன் நோக்கமாகும். சிறந்தவையெனக் கருதப்பட்டவற்றுக்கு நீண்ட மேற்கோள்களுடன் கட்டுரைகளும், ஏனையவற்றுக்கு ஏட்டின் இறுதியில் ‘மாத அட்டவணை’ என்ற பகுதியிற் சில வரிகளும் எழுதப்பட்டன. எழுதியோரின் பெயர்கள் மட்டும் வெளியிடப்படவில்லை.

பெயரின்மை இருவேறு விளைவுகளைத் தந்தது. வறிய எழுத்தாளர் ஒருவர் செல்வாக்குடையோரின் நூலையும் அஞ்சாது குறைகூற அது வழிவகுத்தது. 1757இல் இன்னும் புகழ்பெறாதிருந்த ஒலிவர் கோல்ட்ஸ்மித், ஊதியமும் உணவும் உறையுளும் பெற்றுக் கிறிபித்ஸிடம் பணிபுரிந்தார். எட்மண்ட் பேர்க்கின் அழகியல் ஆய்வு நூலுக்கு அவ்வேட்டில் மதிப்புரை எழுதியவர் அவரே. ஆனால், தம் எழுத்துக்களைக் கிறிபித்ஸும் அவர் மனைவியும் திருத்தினர் என்பது கோல்ட்ஸ்மித்தின் மனக்குறையாக இருந்தது. சில மாதங்களில் அவர் விலகினார். பெயரில்லா எழுத்தை எழுதியவர் காத்துக்கொள்வதும் அரிதென்பதற்கு இது சான்றாகும்.

மறுபுறம், பெயரின்மை தன்னலத்துக்கும் திரையாயிற்று. கிறிபித்ஸ் தாம் வெளியிட்ட நாவலொன்றின் சுருக்கப் பதிப்புக்கு 1750இல் தமது ஏட்டிலேயே ஆதரவான மதிப்புரை வரச்செய்தார். விற்பவரின் குரலே மதிப்பிடுபவரின் குரலாக ஒலித்ததை வாசகர் எவ்வாறு அறிவர்?

இதற்குப் போட்டியாக 1756இல் ‘கிறிற்றிக்கல் றிவியூ’ தோன்றியது. இதன் ஆசிரியர் நாவலாசிரியர் ரொபியாஸ் ஸ்மொலெற். பிரான்சின் றொஷ்போர் துறைமுகத்தின் மீது 1757இல் மேற்கொள்ளப்பட்டுத் தோல்வியுற்ற படையெடுப்பில் தம் நடத்தையை நியாயப்படுத்திக் கடற்படைத் தளபதி சாள்ஸ் நோல்ஸ் எழுதிய சிறுநூலை இவ்வேடு 1758இற் கடுமையாகத் தாக்கியது. தளபதி வழக்குத் தொடுத்தார். அச்சிட்டவர் தண்டனைக்குள்ளாகும் நிலை ஏற்பட்டபோது ஸ்மொலெற் தாமே எழுதியதாக ஒப்புக்கொண்டார். 1760இல் அவருக்கு நூறு பவுண் தண்டமும் மூன்று மாதச் சிறையும் விதிக்கப்பட்டன. பெயரில்லாக் கருத்துக்குப் பெயர் கொடுத்தபோதுதான் அதன் விலை தெரியவந்தது.

1788இல் யோசப் ஜோன்சன் வெளியிட்ட ‘அனலிற்றிக்கல் றிவியூ’ கட்டுரைகளின் ஈற்றில் ஓரிரு எழுத்துக்களை இடும் இடைவழியைக் கைக்கொண்டது. அதில் எழுதியோருள் மேரி வொல்ஸ்ரன்கிராஃப்ற் ஒருவர். 1802இல் தோன்றிய ‘எடின்பரோ றிவியூ’ எல்லா நூல்களையும் கூறும் முயற்சியைக் கைவிட்டு, தெரிந்தெடுத்த சிலவற்றை மட்டும் காலாண்டுக்கு ஒருமுறை விரிவாக ஆராய்ந்தது. எனினும் பெயரின்மையைக் கைவிடவில்லை. 1818இற் கீற்ஸின் ‘எண்டிமியன்’ காவியத்தைக் ‘குவாட்டர்லி றிவியூ’ இகழ்ந்தபோதும் எழுதியவர் பெயர் மறைந்தேயிருந்தது. 1821இற் கவிஞர் காசநோயால் இறந்தார்; அவரைக் கொன்றது மதிப்புரையே என்ற கதை பரவியமை, பெயரில்லாக் குரலின் மீது மக்கள் கொண்டிருந்த அச்சத்தைக் காட்டுகின்றது.

1902இல் தொடங்கிய ‘ரைம்ஸ் இலக்கியத் துணையிதழ்’ இம்மரபை நெடுங்காலம் பேணியது. வேர்ஜினியா வுல்ஃப், ரி. எஸ். எலியற் ஆகியோர் அதிற் பெயரின்றி எழுதினர். இளந் திறனாய்வாளர் பெயரின்றி எழுதிப் பழகுதல் நன்று என்றே எலியற் கருதினார்; அது தன்முனைப்பை அடக்கும் பயிற்சி என்பது அவர் அனுபவம். இக்கருத்து எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், 1974இல் ஜோன் குறொஸ் ஆசிரியராயிருந்தபோது அவ்விதழும் எழுதுவோர் பெயரை வெளியிடத் தொடங்கியது.

கிறிபித்ஸின் ஏட்டுக்குப் பிற்காலத்தில் நேர்ந்தது இங்குக் கருதற்பாலது. அவர் தம் சொந்தப் பிரதியில் ஒவ்வொரு மதிப்புரைக்கும் எதிரே எழுதியவரைக் குறித்துவைத்திருந்தார். அப்பிரதி ஒக்ஸ்போட் பொட்லியன் நூலகத்தைச் சென்றடைந்தது. அக்குறிப்புக்களைக் கொண்டு பெஞ்சமின் நாங்கிள் என்ற ஆய்வாளர் 1934இலும் 1955இலும் பெயரட்டவணைகளை வெளியிட்டார். வாசகருக்கு மறைத்த பெயர்களை ஆசிரியர் தமக்காகவேனும் காத்துவைக்க நேர்ந்தது. ஒரு நூலைப் பற்றிய கருத்துக்கு எவரோ ஒருவர் பொறுப்பேற்றாகவேண்டும் என்பதை, பெயர்களை மறைத்தவரும் உணர்ந்தேயிருந்தார் என்பதற்கு அப்பிரதி சான்றாகின்றது.