காற்றுக்கும் வேண்டும் கணக்கு

பெரிய காஞ்சிபுரத்துத் தறியில் பாவும் ஊடையும் பிணையாவிடில் பட்டு இல்லை. மின்சாரத்துக்கும் அதே நீதிதான். ஆக்கமும் தேவையும் நொடிதோறும் இணைய வேண்டும்.

வரலாற்றைப் புரட்டுகிறோம். 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம். நீர் நம் சொற்படி நடந்தது. திறந்தால் பாய்ந்தது, மூடினால் நின்றது. 1986இல் தூத்துக்குடியருகே காற்றாலைகள் சுழன்றன. பின்னர் முப்பந்தலில் காடெனப் பெருகின. காற்றோ, எவர் கட்டளைக்கும் காத்திராது! தென்மேற்குப் பருவத்தில் பொங்கும். பருவம் போனால் பதுங்கும். 2016இல் கமுதியில் எழுந்த 648 மெகாவாட் கதிரவன் நிலையமும் அந்தியில் அடங்கும். நெசவாளன் விளக்கு அப்போதுதானே எரிய வேண்டும்?

மிஞ்சியதை எங்கே வைப்பது? குறைந்தால் எங்கே பெறுவது? வழி இரண்டு. ஒன்று, சேமிப்பு: மிகுமின்சாரத்தால் நீரை மேலேற்றி, வேண்டும்போது இறக்கி, 400 மெகாவாட் வரை தரவல்லது 1987இல் தொடங்கிய கடம்பாறை நிலையம். மற்றொன்று, இணைப்பு: 2013 டிசம்பர் 31இல் இராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் தென்னக மின்வலையை நாட்டின் ஏனைய வலையோடு ஒரே அதிர்வெண்ணில் பிணைத்தது.

2012இன் மின்வெட்டில் தவித்ததை நாம் மறவோம். காற்றாலையை மட்டும் பெருக்கி, இவ்விரண்டையும் மறப்பது, ஊடையின்றிப் பாவை மட்டும் நீட்டுவதாகும். அதில் ஆடை விளையாது!