சூதுக்களமும் பொறுப்பும்

கழகம் என்னும் சொல் இன்று கற்றோர் கூடும் அவையைக் குறிக்கிறது. குறளின் சூது அதிகாரத்திலோ அது சூதாடும் களத்தின் பெயர். சூதை முற்றும் விலக்க வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. கௌடலியர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரம் வேறு வழி சென்றது. 1909-ஆம் ஆண்டு மைசூரில் சாமசாஸ்திரியாரால் அச்சேற்றப்பெற்ற அவ்வடநூல், தன் மூன்றாம் அதிகரணத்தின் இறுதி அத்தியாயத்தில், சூதை அரசின் கண்காணிப்பில் ஓரிடத்திலேயே நடத்தச் சொல்கிறது.

வேறிடத்தில் ஆடினால் தண்டம் 12 பணம். குற்றமற்ற கவறுகளைக் களத்தின் தலைவனே வைத்தல் வேண்டும். ஆடுவோன் அவற்றை மாற்றினால் அதற்கும் 12 பணம். பொய்யாட்டம் ஆடினால் தண்டத்தோடு, வென்ற பொருளையும் இழப்பான். வென்ற பொருளில் நூற்றுக்கு 5 பங்கு தலைவன் பெறுவான்.

பங்கு பெறுவோனுக்குப் பொறுப்பும் உண்டன்றோ? கவறு, ஆடுமிடம், கை ஆகியவற்றில் நிகழும் பிழைகளைத் தலைவன் தடுக்காவிடின் அவனுக்கு இரு மடங்கு தண்டம்!

சூது வழக்கில், வென்றவனைவிடத் தோற்றவனுக்கே மிகுந்த தண்டம் விதிக்க வேண்டும் என்றனர் முன்னைய ஆசிரியர்கள். தோல்வி பொறாத பேதை அவன் என்பது அவர்கள் கூறிய காரணம். கௌடலியர் இதனை மறுத்தார். அங்ஙனம் செய்தால் அரசனிடம் முறையிட எவனும் வரமாட்டான். சூதாடிகளுள் பெரும்பாலோர் பொய்யாட்டக்காரரே என்றார்.

ஆடுவோனை மட்டும் கட்டும் விதி களத்தாருக்கு வேலியாகும். களத்தாரையும் கட்டும் விதியே முறை எனப்படும்.