பாட்டு சொல்லித் தந்த போர்ச்சுகீசியம்

"சினிமாப் பாட்டையும் சீரியலையும் கேட்டுத் தமிழ் கத்துக்கிற பசங்களுக்கு நல்ல தமிழ் எங்கே வரப்போகுது?" நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. வேறொரு மொழியில் நான் பட்ட அனுபவத்தையும், அந்த மொழியின் வரலாற்றையும் கொண்டு இதற்குப் பதில் தேடிப் பார்க்கிறேன்.

வங்கி வேலையில் மாற்றலாகிக் கோவா வந்த புதிதில், ஈடாக வரும் பழைய நிலப் பத்திரங்கள் பலவும் போர்ச்சுகீசிய மொழியில் இருக்கக் கண்டேன். 1961 டிசம்பர் வரை இங்கே அவர்கள் ஆட்சிதானே! இலக்கணப் புத்தகம் வாங்கினேன். பத்துப் பக்கத்துக்குமேல் ஓடவில்லை. கைகொடுத்தது, நண்பர் ஒருவர் தந்த பிரேசில் பாட்டுக் குறுந்தகடு. 1958-இல் ஜுவாவ் ஜில்பெர்த்தோ பாடி, 'பொசா நோவா' என்ற புதுப்பாணிக்கு வழிதிறந்த பாட்டு அதில் முதலாவது. 'ஏக்கம் போதும்' என்பது அதன் தலைப்பின் பொருள். காதோடு பேசுவதுபோல் பாடுகிறார். லிஸ்பன்காரர்கள் பாதி உயிரெழுத்தை விழுங்கிவிடுவார்கள். பிரேசில்காரர்கள் வாய் திறந்து சொல்வார்கள். நம் காதுக்கு அது ரொம்பச் சௌகரியம். 'நாள்' என்பதற்கு லிஸ்பனில் 'தியா', ரியோவில் 'ஜியா'.

கடைக்குட்டியின் கதை

அந்தப் பாட்டுகளோடு பழகப் பழக 'கசூலா' என்றொரு சொல்லும் வந்து சேர்ந்தது. கடைக்குட்டி என்று பொருள். என் இலக்கணப் புத்தகத்தில் அது இல்லை. தேடிப் பார்த்தால், அங்கோலாவின் கிம்புந்து மொழிச்சொல்! முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஏறத்தாழ 48 லட்சம் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகப் பிரேசிலில் இறக்கினார்கள். 1888-இல்தான் அடிமைமுறை ஒழிந்தது. அந்த மக்களின் வழிவந்தவர்கள் ரியோவில் 'தியா சியாத்தா' என்ற பாயியா மாநிலத்து அம்மையார் வீட்டில் கூடிப் பாடியதிலிருந்து வளர்ந்ததுதான் சம்பா. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த தோங்கா 1916-இல் தேசிய நூலகத்தில் பதிவு செய்த பாட்டு, அடுத்த ஆண்டுக் கார்னிவலில் ஊரெல்லாம் ஒலித்தது. புத்தகம் விட்டுவிட்ட வரலாற்றைப் பாட்டு வைத்திருந்தது.

சிலேடையும் சர்வாதிகாரமும்

1964 முதல் 1985 வரை பிரேசிலில் ராணுவ ஆட்சி. ஷிக்கோ புவார்க்கேயும் ஜில்பெர்த்தோ ஜில்லும் 1973-இல் 'காலிசி' என்ற பாட்டை எழுதினார்கள். ஏசுநாதர் ஜெபத்தில் வரும் கிண்ணம் என்று பொருள். ஆனால் 'வாயை மூடு' என்பதற்கும் அங்கே உச்சரிப்பு 'காலிசி'தான்! எழுதினால் இரண்டு, கேட்டால் ஒன்று. நம் காளமேகப் புலவர் இருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார். தணிக்கையாளருக்கும் புரிந்துவிட்டது. சாவ் பாவ்லோ மேடையில் அவர்கள் பாடும்போதே ஒலிவாங்கியை அணைத்தார்கள். இசைத்தட்டாக வர 1978 ஆயிற்று. அதே ஜில் 2003-இல் நாட்டின் பண்பாட்டு அமைச்சரானார் என்பது காலம் செய்த கூத்து.

1977-இல் இன்னொரு விந்தை. ஜோர்ஜ் அமாதோவின் நாவலைத் தழுவிய 'கேப்ரியேலா' என்ற பிரேசில் தொலைக்காட்சித் தொடர் போர்ச்சுகல் போயிற்று. அது ஓடும் நேரத்துக்கு ஏற்பக் கூட்டங்களையே மாற்றி வைத்தார்களாம். மொழியைக் கொடுத்த நாடு, வாங்கிய நாட்டிடம் புதுச்சொற்களைக் கற்றது. 2021-இல் லிஸ்பன் நாளிதழ் ஒன்று, பிரேசில் காணொளிகளைப் பார்த்தே வளரும் போர்ச்சுகல் குழந்தைகள் பேருந்தையும் புல்லையும் பிரேசில் சொல்லால் அழைப்பதாக எழுதியது. பெற்றோருக்குக் கவலை. நம் வீட்டுக் கதையேதான்!

பாட்டு சொல்லாதது

ஒருநாள் மட்காவிலிருந்து வந்த பெரியவரிடம், கற்றதைக் காட்டும் ஆசையில் போர்ச்சுகீசிய மொழியில் பேசினேன். பாட்டில் கேட்டபடி 'வொசே' என்று விளித்தேன். அவர் முகம் சுருங்கியது. "என் வயசுக்கு 'உ செஞ்ஞோர்'னு சொல்லணும் தம்பி" என்றார். 'தங்கள் அருள்' என்று பொருள்படும் 'வொஸா மெர்சே'தான் தேய்ந்து 'வொசே' ஆயிற்று. பிரேசிலில் அது பரவலான அன்றாட வழக்கு. பழைய கோவாக்காரருக்கோ மரியாதைக் குறைவு. அந்த நுட்பத்தைப் பாட்டு எனக்குச் சொல்லவில்லை, பெரியவர் சொன்னார். பிறகு அவரே வாரந்தோறும் வந்து என் பத்திரங்களையும் திருத்திப் படித்துக் காட்டினார்.

சென்ற மாதம் கொங்கணியும் இந்தியும் பேசி வளரும் என் பேத்தி, "வாடா தாத்தா, சாப்பிடலாம்" என்றாள். படத்தில் கேட்டதாம். மருமகள் பதறினாள். நான் சிரித்துவிட்டு, "தாத்தாவை 'வாங்க'ன்னு கூப்பிடணும் கண்ணு" என்றேன். "வாங்கடா தாத்தா" என்று திருத்திக்கொண்டாள்.

பாட்டை நிறுத்த வேண்டாம், அன்பர்களே. அது வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிடும். உள்ளே அழைத்து உட்கார வைக்க வேண்டியது நாம்தான்.