கோலமாவும் கணிப்பொறியும்

திண்டுக்கல்லுக்கு அருகேயுள்ள தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் தூண் சிற்பங்களைக் காண வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அவற்றைச் செதுக்கக் கல் வேண்டும், உளி வேண்டும், பல்லாண்டுப் பயிற்சி வேண்டும், பொருள் தர ஆள்வோரும் வேண்டும். அதே ஊர்த் தெருக்களில் விடியற்காலையில் வாசல் தெளித்துப் போடும் கோலத்திற்கு வேண்டியது ஒரு கைப்பிடி மாவு. உச்சிப்பொழுதுக்குள் மிதிபட்டு அழியும் இக்கலைக்குக் கணிப்பொறி இயலின் வரலாற்றில் ஓர் இடம் உண்டு என்றால் நீங்கள் நம்புவீர்களா?

முதலில் கருவியைப் பார்ப்போம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் கருவி. குடத்தின் அடியில் துளையிட்டால், நீர் குறையக் குறைய அது வெளியேறும் வேகமும் குறைகிறது. மணல் அப்படியன்று. மேலே எவ்வளவு குவிந்திருந்தாலும், துளையின் அகலமே பெரும்பாலும் அதன் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மணற்கடிகாரம் காலத்தைச் சரியாகக் காட்டுவது இதனால்தான். கோலமிடும் பெண்ணின் விரலிடுக்கும் அத்தகைய துளையே. இடுக்கும் கையின் வேகமும் மாறாதிருந்தால் கோடு ஒரே பருமனாக விழும். மிக நுண்ணிய அரிசி மாவில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சற்றே கொரகொரப்பான கல்மாவு தடையின்றி இறங்கும். (எறும்புக்கு உணவு என்ற பழைய விளக்கம் கல்மாவுக்குப் பொருந்தாது என்பது வேறு!)

இனி வரலாற்றுக்கு வருவோம். மொழியின் வாக்கியங்களைச் சில விதிகளிலிருந்து பிறப்பிக்கலாம் என்று நோம் சோம்ஸ்கி 1956இல் கணித முறையில் காட்டினார். அப்படியானால் படங்களுக்கும் இலக்கணம் எழுத முடியுமா? கணிப்பொறி அறிஞர்கள் இக்கேள்வியில் ஈடுபட்டிருந்த காலத்தில், தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகிய பேராசிரியர்கள் பணியாற்றி வந்தனர். அவர்களுக்கு விடை வாசற்படியிலேயே கிடந்தது. 1974இல் அவர்களும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கோலங்களை அடிப்படையாகக் கொண்ட 'அணி இலக்கணம்' பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். சிறிய கோலமொன்றை அதன் அமைப்புக் கெடாமல் பெரிதாக்கிக்கொண்டே போகும் விதிகளை அதில் காணலாம். பின்னர், கம்பிக் கோலத்தை 'நேரே செல், வளைந்து திரும்பு' என்பன போன்ற அசைவுகளின் வரிசையாக எழுதும் முறையும் வந்தது.

இவ்விதிகளைக் குறியீடுகளில் எழுதியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அவற்றைக் கையில் வைத்திருந்து, தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்தவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. 'பொழுதுபோக்கு' என்று நாம் ஒதுக்கிய ஒன்றில் கணிதம் இருந்ததைக் காண 1974 வரை ஆயிற்று என்பது எனக்குச் சற்று வருத்தமே. வாசலில் ஒட்டும் அச்சுக் கோலம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

எண்ணிப் பார்க்க விரும்பினால், புள்ளிகளைச் செவ்வக வடிவில் வையுங்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் நடுவிலெல்லாம் கோடுகள் குறுக்காக வெட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்தில் வளைந்து திரும்ப வேண்டும். 3 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி என்றால் மூன்று தனித்தனி வளையங்கள் கிடைக்கும். 3 வரிசை, 4 புள்ளி என்றால் ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். 4 வரிசை, 6 புள்ளி என்றால் இரண்டு. பள்ளியில் படித்த மீ.பொ.வ. நினைவுக்கு வருகிறதா? வளையங்களின் எண்ணிக்கை அதுவே! ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டுச் சோக்வே மக்கள் மணலில் விரலால் வரையும் 'சோனா' படங்கள் பலவும் இதே விதிக்கு உட்பட்டவை. அங்கே வரைபவர்கள் ஆண்கள்.

நாளைக் காலை 5 வரிசை, 8 புள்ளி வைத்துப் பாருங்கள். 40 புள்ளிகளையும் ஒரே கோட்டில் சுற்றி வரலாம்.