வான்கோழிக்கு ஒரு வக்காலத்து

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நான் ஒரு பாட்டுக் கட்டினேன். பாரதியாரின் சந்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி எட்டு வரி. தமிழ் வாத்தியார் வாங்கிப் படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "வான்கோழி!" வகுப்பு கொல்லென்று சிரித்தது.

மூதுரை படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதற்கு உரை தேவையில்லை. மயிலைப் பார்த்துத் தானும் ஆடப் புறப்பட்ட அசட்டுப் பறவை அல்லவா அது? அன்று முதல் எனக்கும் அதற்கும் ஓர் உறவு ஏற்பட்டுவிட்டது. ஒரே குற்றவாளிக் கூண்டில் நின்ற இருவருக்குள் ஏற்படுமே, அப்படிப்பட்ட உறவு. பிற்காலத்தில், கதை எழுதுவதே தொழில் என்று ஆன பிறகு, அதன் ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

பார்த்தால், அது நம் நாட்டுப் பறவையே அல்ல! அதன் பூர்வீகம் வட அமெரிக்கக் காடுகள். மெக்ஸிகோ மக்கள் அதை முதலில் வீட்டில் வளர்த்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1612-ம் ஆண்டில் முகர்ரப் கான் என்ற பிரபு கோவாவிலிருந்து ஒன்றை வாங்கி ஜஹாங்கீர் பாதுஷாவிடம் கொண்டுவந்து சேர்த்தார். அதன் தலையும் கழுத்தும் பச்சோந்திபோல நிறம் மாறுவதைக் கண்டு பாதுஷா அதிசயித்துத் தம் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். சித்திரக்காரர் மன்சூர் தீட்டிய வான்கோழிப் படம் இன்றும் லண்டன் கண்காட்சிச்சாலை ஒன்றில் இருக்கிறது.

பாதுஷாவே அதிசயித்த பறவையை, பன்னிரண்டாம் நூற்றாண்டு என்று பலரும் கணக்கிடும் ஔவைப் பாட்டி எப்படிக் கண்டாள்? அந்தச் செய்யுள் பிந்தியதாக இருக்க வேண்டும். இல்லையேல் பாட்டி சொன்ன வான்கோழி வேறு ஏதோ நம் ஊர்ப் பறவையாக இருந்து, பெயர் மட்டும் வந்தவனுக்குப் போயிருக்க வேண்டும். எப்படியானாலும் என் கட்சிக்காரர் நிரபராதி! பாவம், அதற்குச் சொந்தப் பெயரும் வாய்க்கவில்லை. ஆங்கிலேயர் அதைத் துருக்கிப் பறவை என்றார்கள். துருக்கியரோ 'ஹிந்தி' என்றார்கள். பிரெஞ்சுக்காரர் இந்தியக் கோழி என்றார்கள். அநாதைப் பிள்ளையை ஒவ்வொரு வீட்டாரும் அடுத்த வீட்டுப் பிள்ளை என்று கைகாட்டியது போலத்தான்.

நாம் பண்ணையில் பார்க்கிற கொழுத்த ஜந்துவைக் கொண்டு காட்டு வான்கோழியை எடை போடக் கூடாது. அது இரவில் மரக்கிளையில் அடையும், விசையோடு பறக்கும், அதன் கண்ணில் படாமல் ஒரு விரலை அசைப்பதே கஷ்டம். வசந்த காலத்தில், விடியற்காலையில் சேவல் கம்பீரமாகக் குரல் கொடுக்கும். வேடன் மரத்தடியில் மூச்சையடக்கி உட்கார்ந்து, பேட்டைப்போல மெல்லக் கூவுவான். செவ்விந்தியர்கள் அதன் சிறகு எலும்பிலேயே ஊதுகுழல் செய்து கூவினார்கள். யாரைப் போலியென்று சிரிக்கிறோமோ, அதைப் பிடிக்க மனிதன் போலிக் குரல் பழக வேண்டியிருக்கிறது!

இந்த வித்தை எங்கள் கரிசல் காட்டுக்குப் புதிதல்ல. நரிக்குறவர்கள் கௌதாரியின் குரலை அப்படியே எழுப்புவார்கள். பழக்கிய பறவையை வைத்துக் காட்டுப் பறவையை வலைக்கு வரவழைப்பார்கள். அப்படிப் பழக்கிய உயிருக்குப் 'பார்வை' என்று பெயர். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையிலேயே அந்தச் சொல் இருக்கிறது. என் தாத்தாவிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. கருமருந்தைக் குழலில் இடித்து, ரவை போட்டுக் கௌதாரி சுடுவார். ஆனால் குஞ்சுகளோடு போகும் தாயைக் கண்டால் குழலைத் தாழ்த்திவிடுவார். "அடுத்த வருஷமும் நமக்குப் பசிக்கும்டா" என்பாராம். இந்தக் கதையை என் தகப்பனார் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, துப்பாக்கி ஓய்ந்தது.

அமெரிக்காவில் குழலைத் தாழ்த்துவார் இல்லை. காட்டை வெட்டினார்கள், கண்டபோதெல்லாம் சுட்டார்கள், சந்தையில் குவித்து விற்றார்கள். ஆதியில் வான்கோழி இருந்த 39 மாநிலங்களில் 18-ல், 1920-ம் ஆண்டுக்குள் அது பூண்டற்றுப் போயிற்று. பிறகுதான் புத்தி வந்தது. 1937-ல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை வனவுயிர்களுக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். வேடர்களே அதை ஆதரித்தார்கள்.

முதலில் பண்ணையில் குஞ்சு பொரித்துக் காட்டில் விட்டார்கள். அவை பிழைக்கவில்லை. ஓநாயைக் கண்டால் ஓட வேண்டும் என்பதைத் தாய் அல்லவா கற்றுத்தர வேண்டும்? காட்டிலேயே வளர்ந்ததைப் பிடித்து வேறு காட்டில் விட்டால்தான் பிழைக்கும் என்று கண்டார்கள். ஆனால் அந்தக் கெட்டிக்காரப் பறவை எந்தக் கண்ணியிலும் எளிதில் விழவில்லை.

1950-களில் ஒரு வழி பிறந்தது. பெரிய வலையை மடித்துத் தரையில் மறைத்து வைப்பது. அதன் ஓரத்தைச் சில சிறு பீரங்கிகளின் குண்டுகளோடு கட்டுவது. தூவிய சோளத்தைப் பறவைகள் கொத்தும்போது மருந்தை வெடிப்பது. வலை ஆகாயத்தில் விரிந்து அத்தனையையும் மூடும். பெட்டிகளில் அடைத்து வெற்றுக் காடுகளுக்கு அனுப்பினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் தொகை 70 லட்சத்தை நெருங்கியது. பின்னர் சில பகுதிகளில் மறுபடியும் குறைந்திருக்கிறது என்றாலும், அழிவின் வாசலிலிருந்து திரும்பி வந்த உயிர் அது.

சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் என் சிநேகிதரிடம் இதைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அங்கேயும் நம்ம சரக்குதானா, அண்ணாச்சி?"

"உங்கள் சரக்குத்தான். வெடியுப்பு, கந்தகம், கரி."

"கொன்னதும் அதே மருந்து, காப்பாத்துனதும் அதே மருந்து" என்றார். நான் ஒரு பக்கம் எழுதிச் சொல்ல நினைத்ததை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இந்தச் சரித்திரத்துக்கு நம் நாட்டில் ஒரு சோகமான எதிர்ப்பாட்டு உண்டு. தமிழில் கானமயில் என்றால் காட்டு மயில் என்றும் பொருள். புல்வெளியில் வாழும் வேறொரு பெரிய பறவைக்கும் அதுவே பெயர். ஆண் 15 கிலோ வரை கனக்கும், தரையிலேயே முட்டையிடும், பெரும்பாலும் வருஷத்துக்கு ஒன்றுதான். தமிழ்நாட்டின் வறண்ட வெளிகளிலும் ஒரு காலத்தில் அது நடமாடியது. துரைகள் சுட்டார்கள், ராஜாக்கள் சுட்டார்கள், பிறகு ஜீப்பில் துரத்திச் சுட்டார்கள். புல்வெளிகள் உழவு நிலமாயின. தேசியப் பறவையாக இதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் பறவையியல் மேதை ஸாலிம் அலி. 1963-ல் அந்தப் பதவி மயிலுக்குப் போயிற்று. இன்று நாடு முழுவதும் மிஞ்சியிருப்பது 150-க்கும் குறைவு என்கிறார்கள்; பெரும்பாலும் ராஜஸ்தானத்தில். தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. மருந்து நம்மிடம் மலைமலையாக இருந்தது; குழலைத் தாழ்த்தும் கைதான் காலத்தில் வரவில்லை.

வேட்டைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. குரலைக் கூர்ந்து கேட்கவும், தாயையும் குஞ்சையும் பிரித்தறியவும், வேண்டிய இடத்தில் கையை மடக்கவும் தெரிந்த பழைய வேடனின் அறிவு வேட்டையோடு சேர்ந்து போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

அது போய்விடவில்லை என்று காட்ட ஓர் இடம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடி. பெயரைக் கேட்டால் வேட்டை ஞாபகம் வருகிறது. ஆனால் 1977 முதல் அது பறவைகள் சரணாலயம். எங்கிருந்தோ வரும் நாரைகளும் கொக்குகளும் அங்கே கண்மாய் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவை மிரளக் கூடாது என்பதற்காகக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஆசை இருக்கும். ஆனாலும் வெடிப்பதில்லை.

இதையும் போர்மேன் சிநேகிதரிடம் சொன்னேன், கொஞ்சம் தயக்கத்தோடுதான். அவருடைய பிழைப்பே வெடியில் அல்லவா இருக்கிறது?

அவர் கருமருந்துக் கறை படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"ரெண்டு ஊரு யாவாரம் போனாப் போகட்டும், அண்ணாச்சி. குஞ்சு பொரிச்ச வீட்டு வாசல்ல எவனாவது வெடி போடுவானா?" என்றார்.

என் தாத்தா குழலைத் தாழ்த்தியபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.