பியானோவின் பிரதிகள்

ஃப்ளாரன்ஸ் நகரத்தில் மெதிச்சி பிரபுக்களின் ஆதரவில் வாழ்ந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்னும் வாத்தியக் கைவினைஞர், 1700-ஆம் ஆண்டை ஒட்டி, கம்பியை இறகு முனையால் சுண்டும் பழைய முறையை விட்டுச் சிறு சுத்தியலால் தட்டி ஒலிக்கச் செய்யும் உபாயத்தைக் கண்டபோது, விரலின் வேகத்துக்குத் தக்கபடி மெல்லவும் உரக்கவும் பேசக்கூடிய ஒரு வாத்தியம் உலகத்துக்குக் கிடைத்தது. பின்னால் வந்தவர்கள் இரும்புச் சட்டமும், இருநூற்றுக்கு மேற்பட்ட கம்பிகளும், 88 கட்டைகளுமாக அதை வளர்த்தார்களே ஒழிய, அந்த ஆதார லக்ஷணத்தை மாற்றவில்லை. பியானோவின் நாதத்தை மின்சாரப் பெட்டிக்குள் அடைக்க முற்பட்ட அனைவரும் கடைசியில் இந்த லக்ஷணத்தின் முன்னால்தான் பரீக்ஷைக்கு நிற்க வேண்டியிருந்தது.

அசல் வாத்தியத்தின் ஒலியைப் பதிந்து வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தியதும் அதையே திருப்பி ஒலிக்கச் செய்யலாம் என்ற யோசனை கம்ப்யூட்டருக்கு முந்தியது. 1963-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து வந்த மெல்லோட்ரானில் கட்டைக்கு ஒன்றாக ஒலிநாடாத் துண்டுகள் இருந்தன. விரலை எடுக்காவிட்டாலும், சுமார் 8 வினாடியில் நாடா தீர்ந்து ஒலி நின்றுவிடும். 1979-ல் சிட்னி நகரத்துப் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இருவர் வெளியிட்ட ஃபேர்லைட், ஒலியை எண்களாக மாற்றி நினைவகத்தில் சேமித்தது. சாம்ப்ளிங் என்று இன்று வழங்கும் வித்தை அதனால் பிரபலமாயிற்று. ஆனால் ஒரு குரலுக்கு அதில் இருந்த இடம் 16 கிலோபைட். நல்ல தரத்தில் பதிந்தால் ஒரு வினாடிகூடத் தேறாது. பெரிய பியானோவின் அடிஸ்தாயிக் கம்பியோ, ஒரு தட்டுக்கு அரை நிமிஷத்துக்கு மேல் ரீங்கரிக்கக் கூடியது.

இந்தத் தரித்திரத்தை எதிர்த்து முதலில் பெரிய முயற்சி செய்தவர் அமெரிக்கரான ரேமண்ட் கர்ஸ்வைல். பார்வையற்றோருக்காக அவர் 1976-ல் உருவாக்கிய வாசிப்பு யந்திரத்தின் மூலம் நண்பரான பாடகர் ஸ்டீவி வொண்டர், மின்னணு வாத்தியங்களில் வசதி இருக்கிறது, ஆனால் மரமும் கம்பியும் தரும் நாத வளம் இல்லை என்ற தம் குறையை 1982-ல் அவரிடம் தெரிவித்தார். அந்தச் சம்பாஷணையின் பலனாக 1984-ல் வெளிவந்த கர்ஸ்வைல் 250, அக்காலத்து ரசிகர்களைப் பிரமிக்க வைத்தது. அதன் விலை 10,000 டாலருக்கு மேல் என்பதால், பிரமிப்போடு நின்றுகொண்டவர்களே அதிகம்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. குறுந்தகட்டின் தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்த ஒரு நிமிஷ ஒலிக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் வேண்டும். 88 கட்டைகளையும், ஒவ்வொன்றையும் பத்து விதமான வேகங்களில் தட்டி, தலைக்குப் பத்து வினாடி மட்டுமே பதிந்தாலும், மொத்தம் ஏறக்குறைய 1,500 மெகாபைட் ஆகிவிடும். 1988-ல் வந்து உலகெங்கும் விற்ற கோர்க் எம்1 என்ற வாத்தியத்திலோ, பியானோ, புல்லாங்குழல், முரசு எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து இருந்த இடம் 4 மெகாபைட்!

இந்த நெருக்கடியிலிருந்து மூன்று சிக்கன யுக்திகள் பிறந்தன. எல்லாக் கட்டைகளையும் பதியாமல், ஒன்றைப் பதிந்து, அதன் சுருதியை ஏற்றியும் இறக்கியும் அண்டையிலுள்ள கட்டைகளுக்குப் பங்கிட்டார்கள். சுத்தியல் விழும் முதற்கணத்தை மட்டும் முழுமையாக வைத்துக்கொண்டு, பின்வரும் ரீங்காரத்துக்கு ஒரு சிறு துண்டையே சுழல விட்டு, ஓசையைப் படிப்படியாகத் தணித்தார்கள். வேக பேதங்களையோ மூன்று நான்கு பதிவுகளோடு முடித்துக்கொண்டார்கள். 1983-ல் ஏற்பட்ட மிடி என்ற பொது நியமம் விரலின் வேகத்தை 127 படிகளாகப் பகுத்திருந்தும், அவற்றுக்கு விடை சொல்ல உள்ளே இருந்தவை அந்த மூன்று நான்கு குரல்களே.

வாங்க வந்தவர்களின் செவி வெகு சீக்கிரத்தில் இந்தத் தந்திரங்களைக் கற்றுக்கொண்டது. கட்டைகளை ஒரே வேகத்தில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால், பங்கிட்ட எல்லை வந்ததும் நாதத்தின் நிறம் சட்டென்று மாறும். அடிஸ்தாயிக் கட்டை ஒன்றை அழுத்திப் பிடித்திருந்தால், அசல் கம்பியில் மெல்ல நிறம் மாறிக்கொண்டே தேயும் ஒலி, பிரதியில் சில வினாடிகளில் ஒரே அலையாகச் சப்பிட்டுப் போகும். ஒரே கட்டையைப் பூப்போலத் தொட்டுத் தொடங்கி வரவர ஓங்கித் தட்டினால், ஒரு பதிவு முடிந்து மறு பதிவு தொடங்கும் படிக்கட்டு பளிச்சென்று கேட்கும்.

1998-ல் வந்த ஜிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள், ஒலியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்து, மீதியை ஹார்ட் டிஸ்கிலிருந்து அந்தந்தக் கணத்தில் எடுத்துத் தரும் வழியைக் காட்டியதும், இட நெருக்கடி தீர்ந்தது. சுமார் பத்து ஆண்டுகள் சென்றபின், வியன்னாவில் போசன்டார்ஃபர் இம்பீரியல் என்னும் 97 கட்டைப் பியானோவைப் பதிந்தவர்கள், மனித விரலுக்கு அவ்வளவு நிதானம் சாத்தியமில்லை என்று யந்திரத்தைக் கொண்டே தட்டச் செய்து, கட்டை ஒன்றுக்கு 100 வேக பேதங்கள் வரையில் சேகரித்தார்கள்.

எண்ணிக்கை இவ்விதம் பெருகி வந்தபோதே வேறொரு குறை வெளிப்பட்டது. தம்புராவின் ஒரு தந்தியை மீட்டினால் மற்றவையும் கூடவே சிலிர்ப்பது போல, பியானோவில் பெடலை மிதித்து ஒரு கட்டையைத் தட்டினால் உறவுடைய கம்பிகள் அனைத்தும் அனுநாதம் செய்கின்றன. எந்தக் கட்டைகள் எந்தக் கணத்தில் சேர்ந்து ஒலிக்கும் என்பதற்குக் கணக்கே இல்லையாதலால், அந்தச் சேர்க்கைகளை முன்கூட்டிப் பதிந்து வைக்க எந்த நினைவகமும் போதாது. 2006-ல் பிரான்ஸின் தூலூஸ் நகரிலிருந்து வந்த பியானோடெக், பதிவையே கைவிட்டு, சுத்தியல், கம்பி, ஒலிப்பலகை ஆகியவற்றின் அசைவைக் கணிதத்தால் அப்போதைக்கப்போது படைத்தது. அதைத் தோற்றுவித்த ஃபிலிப் கீயோம் பியானோவுக்குச் சுருதி கூட்டும் தொழிலும் தெரிந்த கணித அறிஞர். அது கேட்ட இடம் சில பத்து மெகாபைட்டுகளே. பதிவின் கனம் அதில் குறைவு என்பாரும், கம்பிகளின் உறவு அதில் அதிகம் என்பாரும் இன்றும் வாதிடுகிறார்கள்.

இரு பிரதிகளை ஒப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. வாசிப்பவரின் செவியருகே மைக்கை வைத்துப் பதிந்த பியானோவும், அதே பியானோவைச் சபையின் நடுவிலிருந்து பதிந்ததும் இரண்டு வாத்தியங்கள் போலவே தோன்றும். தரம் என்று நாம் தீர்ப்புச் சொல்வது பல சமயம் மைக் இருந்த இடத்துக்கே சேரும். ரசனையும் நிலையானதல்ல: கோர்க் எம்1-இன் கூர்மையான, சற்றுப் போலியான பியானோவையே பின்னாளில் ஹவுஸ் என்னும் நடன இசைக்காரர்கள் தேடித் தேடிப் பயன்படுத்தினார்கள்.

ஆதலின், முப்பது நாற்பது வருஷத்துப் பிரதிகளை வரிசையாகக் கேட்பவர், யந்திரங்களின் முன்னேற்றத்தோடு செவியின் கல்வியையும் சேர்த்தே கேட்கிறார். 1984-ல் அசல் என்றே மயங்கிய நாதம் இன்று ஒரு நிமிஷத்தில் சாயம் வெளுப்பதற்குக் காரணம், ஒவ்வொரு புதுப் பிரதியும் தன் முன்னோர் எதை மிச்சம் பிடித்தார்கள் என்பதை நமக்குக் காட்டிக் கொடுத்ததே. இன்றைய பிரதியில் குறையே இல்லை என்று சொல்பவர், அடுத்த பிரதி வரும்வரை அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.